மூன்றாவது உருளை

செம்பனை ஆலைக்குத் திருகுத் தண்டு கடைவதுதான்
என் பட்டறையின் சோறு.
நிபோங் தெபால் பெரிய சடக்கில்
டயர்க் கடைக்கும் முடிவெட்டும் கடைக்கும் நடுவே
பெயர்ப்பலகை இல்லாத கதவு.

ஒரு வியாழக்கிழமை சிவகௌரி வந்தாள்.
பல்கலைக்கழகத்தில் அவளிடம் ஒரு சுரங்கம் இருக்கிறதாம்,
உள்ளே ஒலியை முந்தி ஓடும் காற்று,
ஓட்டத்துக்குப் பத்தே விநாடி.
"கூர்மூக்கு, மொட்டைப் பின்புறம் அண்ணே.
மூன்று நீளத்தில் மூன்று உருளை."
அறுநூறு வெள்ளி சொன்னேன்.
பேரம் பேசத் தெரியவில்லை அவளுக்கு.

கிழிப்பது மூக்குதானே,
பின்புறத்துக்கு என்ன கவலை என்றேன்.
வாசலைக் காட்டினாள்.
முகுந்தனின் லோரி குலை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது.
அதன் முதுகைத் துரத்திக்கொண்டு
புழுதி, காய்ந்த ஓலை, ஒரு நீலப் பை,
பிடிக்கவும் முடியாமல்
விட்டுப் போகவும் முடியாமல்.
"முன்னால் தள்ளும் காற்றை எல்லாரும் பார்க்கிறார்கள்.
பின்னால் காற்று குறைந்த பள்ளம் ஒன்று இருக்கிறது,
அதுவும் இழுக்கிறது.
முகுந்தன் அதற்கும் சேர்த்துத்தான் டீசல் ஊற்றுகிறார்."

இரவில் கடைசலில் நின்றபோது புரிந்தது கொஞ்சம்.
சுற்றும் கம்பியை ஒட்டிய எண்ணெய்
கம்பியோடே சுற்றுகிறது,
கம்பியை விட்டு மனமில்லை அதற்கு.
காற்றும் அப்படித்தானாம்.
தோலைத் தொட்ட காற்று தோலோடே தங்கிவிடும்,
அதன் மேலது தயங்கும்,
அதற்கும் மேலது கொஞ்சம் ஓடும்.
உடம்பு நீள நீள அந்தத் தயக்கம் தடிக்கும்.
பின்விளிம்பில் வேகக்காற்று சட்டென வளைந்து
பள்ளத்தில் மிச்சமிருப்பதையும் வாரிப்போகப் பார்க்கும்.
தடித்த தயக்கம்தான்
குறுக்கே நின்று கொஞ்சம் விட்டுவைக்கும்.
ஒட்டிக்கொண்டு பின்தங்கியவற்றால்
பின்புறம் அத்தனை வெறுமையாவதில்லை.

மூன்றாவது உருளை, மூன்றிலும் குட்டை,
பன்னிரண்டு மணிக்குக் கைநழுவி விழுந்தது.
மூக்கருகே ஒரு மயிரிழைக் கீறல்.
மெல்லிய தாள் போட்டுத் தேய்த்தேன்.
விளக்கில் பிடித்தேன்.
மினுங்கியது. போதும் என்று
பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, பசியாறாத முகத்தோடு வந்தாள்.
ஐந்து ஓட்டம், ஐந்திலும் ஒரு புள்ளி
கோட்டை விட்டுக் கீழே கிடக்கிறது.
குழாயை மாற்றினாளாம்.
மானியைக் கழற்றிப் பூட்டினாளாம்.
ஃபைசால் என்கிற மாணவனை இரண்டு நாள் திட்டினாளாம்.
வரைபடத்தை மேசைமேல் விரித்தாள்.
கறுப்பு மையில் கடுகளவு.
எனக்கு அந்தப் புள்ளியைத் தெரியும்.

"விழுந்துபோச்சு. நான்தான் தேய்த்து மறைத்தேன்."

பட்டறையில் மின்விசிறி மட்டும் பேசியது.
அவள் வெர்னியரை எடுத்தாள்.
"மூக்கிலிருந்து எத்தனை மில்லிமீட்டர்?"
இருபத்திரண்டு.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.
வரிசையாய் வழுக்கி வந்த படலம்
அந்த மயிரிழையில் தடுக்கிக் கலைந்திருக்கிறது,
கலைந்த காற்றுக்குக் கை அதிகம்,
பள்ளத்திலிருந்து கூடுதலாய் அள்ளிவிட்டது,
அழுத்தம் இறங்கிவிட்டது என்றாள்.
விரல்நகம்கூட உணராத ஒன்று
உடம்பின் மறுகோடியில் போய்!
முதலில் ஃபைசாலுக்குப் போன் போட்டு
மலாயில் மன்னிப்புக் கேட்டாள்.
பிறகு என்னிடம்:
"இதே மாதிரி இன்னொன்று வேண்டும்.
இந்தத் தடவை தெரிந்தே கீறுங்கள்."

இப்போது புது உருளை சுழன்று முடிந்து நிற்கிறது.
கண்ணை மூடிக்கொண்டு மெருகேற்றுவேன்,
முப்பது வருடக் கை.
கீறத்தான் வரவில்லை.
மூன்று தடவை ஊசியைக் கிட்டே கொண்டுபோய்
மூன்று தடவையும் எடுத்துவிட்டேன்.
நாலாவது தடவை வெளியே முகுந்தன் ஹார்ன் அடித்தான்.
பட்டுவிட்டது.

அளந்தேன்.
இருபத்திரண்டு புள்ளி மூன்று.
சீட்டில் அப்படியே எழுதி
உருளையோடு கட்டி வைத்திருக்கிறேன்.